வேண்டாத அஞ்சலை விலக்கும் வேலை: ஐம்பது ஆண்டு விடைகளும் தீராத கேள்விகளும்

1975 நவம்பரில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பின் பொறியாளர்களுக்காக ஜான் போஸ்டல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். வலையமைப்பு ஆவணங்களின் ஆர்.எஃப்.சி. வரிசையில் அதன் எண் 706. குப்பை அஞ்சல் சிக்கலைப் பற்றியது என்று தலைப்பே சொன்னது. வலையமைப்பில் இணைந்த ஒரு கணினி தனக்கு வேண்டிய செய்தியை மட்டும் ஏற்று மற்றதை மறுக்க வழியில்லை, ஒன்றைப் பெற எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும் என்பது அவர் சுட்டிய குறை. கேட்காமல் வரும் விளம்பர அஞ்சலான வணிக ஸ்பேம் அப்போது தோன்றியிருக்கவில்லை. 1978 மே மாதம் அதுவும் வந்தது. டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், ஏறத்தாழ 400 ஆர்ப்பாநெட் பயனர்களுக்குப் புதிய கணினிகளின் செயல்விளக்கத்துக்கு வரும்படி ஒரே அழைப்பை அனுப்பினார். கண்டனங்கள் குவிந்தன.

கேட்காமல் வரும் அஞ்சலை எப்படி விலக்குவது என்ற கேள்விக்கு அன்று முதல் பல விடைகள் வந்திருக்கின்றன. அனுப்பும் இடத்தை மறுப்பது, எழுதியிருப்பதைப் படித்துத் தீர்ப்பது, அனுப்புவதற்கு விலை வைப்பது, அனுப்புபவரின் பெயரை மெய்ப்பிக்கச் சொல்வது, சட்டத்தால் தண்டிப்பது என்று அவை பிரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் இறுதி விடையாகத் தோன்றி, பிறகு பகுதி விடையாகச் சுருங்கியது. ஸ்பேமை அடையாளம் காணும் திறன் வளர்ந்த அளவுக்கு, அடையாளம் காண்பவர் யார், தவறினால் நட்டம் யாருக்கு என்ற கேள்விகள் கவனம் பெறவில்லை என்பது இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்க்கும்போது தெரிகிறது.

அடித்தளத்தில் இருந்த திறப்பு

1982 மார்ச்சில், அமெரிக்கக் கணினியியல் சங்கமான ஏ.சி.எம்.மின் தலைவராக இருந்த பீட்டர் டென்னிங், மின்னஞ்சல் பெருகினால் பெறுபவரின் நேரத்தை யார் காப்பது என்று சங்கத்தின் இதழில் எழுதினார். அவர் முன்வைத்த வழிகளில் உள்ளடக்க வடிகட்டியும் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்டில் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 வெளியானது. இன்றும் மின்னஞ்சலைச் சுமக்கும் எஸ்.எம்.டி.பி. என்ற நெறிமுறையின் வரையறை அது. அனுப்பும் கணினி தன் முகவரி என்று எதைச் சொன்னாலும் பெறும் கணினி அதை நம்பியது. சரிபார்க்க அந்த நெறிமுறையில் இடமே வைக்கவில்லை.

இதைப் பிழை என்று சொல்லிவிடுவது எளிது, நியாயம் ஆகாது. ஒருவரையொருவர் அறிந்த சில ஆயிரம் ஆய்வாளர்களுக்காக உருவான அமைப்பு அது. முன்பின் தெரியாதவரும் எழுதலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை என்ற அந்தத் திறப்பினால்தான் மின்னஞ்சல் உலகப் பொதுவானது. பின்னால் வந்த ஒவ்வொரு தீர்வும் அந்தத் திறப்பை ஓரளவு அடைக்கிறது. எவ்வளவு அடைக்கலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

அனுப்பும் இடத்தை மறுத்தல்

1990களின் நடுவில் வணிக ஸ்பேம் பெருவெள்ளமானபோது முதலில் உருப்பெற்றது தடுப்புப் பட்டியல். 1997இல் பால் விக்சியும் டேவ் ராண்டும் ஸ்பேம் புறப்படும் ஐ.பி. முகவரிகளைத் தொகுத்து, எந்த அஞ்சல் சேவையகமும் இணையப் பெயர்களைத் தேடித் தரும் டி.என்.எஸ். வழியாக ஒரு நொடிக்குள் கேட்டறியும்படி வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய ஸ்பேம்ஹாஸ், இன்றும் இத்துறையில் முன்னணியில் இருக்கிறது. அஞ்சலின் உடலை வாங்காமலேயே மறுத்துவிடலாம் என்பதால் செலவு மிகக் குறைவு. போஸ்டல் 1975இல் கேட்டதற்கு இதுவே மிக நெருக்கமான விடை.

இதன் குறை, ஒருவர் செய்த குற்றத்துக்கு அக்கம்பக்கத்தாரும் தண்டனை பெறுவது. ஒரே ஐ.பி. முகவரியை நூற்றுக்கணக்கான சிறு வணிகர்கள் பகிரும்போது, ஒருவருடைய ஸ்பேமால் அத்தனை பேரின் அஞ்சலும் நிற்கும். பட்டியலில் சேர்ப்பவருக்குப் பொதுமக்கள் தந்த அதிகாரம் எதுவும் கிடையாது. பட்டியலின் நம்பகத்தன்மை ஒன்றுதான் அதன் பலம். இந்த முரண் நீதிமன்றத்துக்கும் போனது. இ360 இன்சைட் என்ற விளம்பர நிறுவனம் தொடுத்த வழக்கில், ஸ்பேம்ஹாஸ் தொடர்ந்து வாதாடாத நிலையில் 2006இல் அமெரிக்க நீதிமன்றம் 1 கோடியே 17 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2011இல் அது 3 டாலராகக் குறைந்தது. 2013 மார்ச்சில் அதே ஸ்பேம்ஹாஸ், சேவையகங்களைத் தரவு வெள்ளத்தால் முடக்கும், நொடிக்கு ஏறத்தாழ 300 கிகாபிட் அளவிலான தாக்குதலுக்கு ஆளானது. அன்றைய நிலையில் அது மிகப் பெரியது.

2003க்குப் பிறகு தடுப்புப் பட்டியலின் அடிப்படையே ஆட்டம் கண்டது. வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகளை வலையாக இணைக்கும் பாட்நெட்டுகள் பரவின. ஸ்பேம் ஓரிடத்திலிருந்து வராமல், தம் கணினியில் என்ன நடக்கிறது என்றே அறியாத லட்சக்கணக்கானோரின் வீடுகளிலிருந்து வந்தது. வீட்டு இணைப்புகளின் ஐ.பி. முகவரிகளை மொத்தமாக விலக்கும் பட்டியல்கள் அதற்குப் பதிலாக வந்தன. சொந்த அஞ்சல் சேவையகத்தை வீட்டிலேயே நடத்த நினைக்கும் தனிமனிதர் அந்த விலக்கலில் சேர்ந்தே அகப்பட்டார்.

சொற்களின் சாட்சியம்

எங்கிருந்து வந்தது என்பதை விட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது இரண்டாவது மரபு. தொடக்கத்தில் அது கையால் எழுதிய விதிகளின் தொகுப்பு. தலைப்பு முழுதும் பெரிய எழுத்தா, இன்ன சொல் இருக்கிறதா என்று சோதித்து ஒதுக்குவார்கள். 2001இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பேம்அசாசின் அத்தகைய நூற்றுக்கணக்கான சோதனைகளுக்கு மதிப்பெண் தந்து, கூட்டுத்தொகை வழக்கமாக 5ஐ எட்டினால் ஸ்பேம் என்று குறித்தது. ஆனால் விதியைப் படித்துவிட்டு அதைச் சுற்றிப் போவது ஸ்பேமருக்குக் கடினமல்ல.

1998இல் சஹாமி, டுமாய்ஸ், ஹெக்கர்மன், ஹார்விட்ஸ் ஆகிய நால்வரின் ஆய்வு வேறு திசையைக் காட்டியது. விதியை மனிதர் எழுத வேண்டாம். நல்ல அஞ்சலையும் ஸ்பேமையும் காட்டினால் நிகழ்தகவே விதியைக் கற்கும் என்றது. ஆய்வரங்கில் இருந்த அந்த எண்ணத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர் நிரலாளர் பால் கிரகாம். 2002 ஆகஸ்டில் அவர் எழுதிய கட்டுரை சொன்ன வழி இதுதான்: உங்கள் ஸ்பேம் குவியலிலும் நல்ல அஞ்சல் குவியலிலும் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். புதிய அஞ்சல் வந்தால் அதில் எந்தப் பக்கமாவது மிக அதிகமாகச் சாயும் 15 சொற்களை எடுத்து, அவற்றின் நிகழ்தகவுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆயிரம் ஸ்பேமில் ஐந்துக்கும் குறைவாகவே தப்பியது, நல்ல அஞ்சல் ஒன்றுகூடத் தவறாகச் சிக்கவில்லை என்று தம் சோதனையின் முடிவைச் சொன்னார்.

இந்த முறையின் அழகு, யாரும் ஊகித்திராத சாட்சிகளை அது தானே கண்டுபிடித்ததில் இருந்தது. கண்ணைப் பறிக்கும் சிவப்பைக் குறிக்கும் எச்.டி.எம்.எல். நிறக்குறி, ஆபாசச் சொற்களுக்கு நிகரான வலுவுடன் ஸ்பேமைக் காட்டிக்கொடுத்ததாகக் கிரகாம் குறிப்பிட்டார். விதி எழுத உட்காரும் மனிதருக்கு அது தோன்றியிருக்காது. நல்ல அஞ்சலில் வரும் சொற்களின் எண்ணிக்கையை அவர் வேண்டுமென்றே இரட்டிப்பாக்கியதையும் கவனிக்க வேண்டும். ஒரு ஸ்பேம் தப்பினால் அழித்துவிடலாம், ஒரு நல்ல கடிதம் சிக்கினால் அது போயே போய்விடலாம் என்ற மதிப்பீடு கணக்கின் உள்ளேயே இடம்பெற்றது. எது ஸ்பேம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் அம்முறையின் உயிர்நாடி. மருந்தாளுநருக்கு மருந்தின் பெயர் தொழில். மற்றவருக்கு அதே பெயர் பெரும்பாலும் விளம்பரம். ஒவ்வொருவரின் வடிகட்டியும் அவரவர் அஞ்சலிலிருந்து கற்றதால், ஸ்பேமர் ஒரே ஒரு வடிகட்டியை ஆராய்ந்து எல்லோரையும் ஏமாற்ற முடியாது.

குறைகளும் விரைவில் தெரிந்தன. கிரகாமின் முடிவு ஒருவரின் பெட்டியில் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்பதற்கு அது சான்றாகாது. ஸ்பேமர்கள் எழுத்துகளுக்கு இடையில் எண்களைப் புகுத்தினார்கள், கதைப் புத்தகப் பத்திகளை அடியில் ஒட்டினார்கள். வடிகட்டி நல்லதென்று நினைக்கும் சொற்களைச் சேர்த்தே ஸ்பேமைத் தப்பவைக்கலாம் என்று 2005இல் லௌட், மீக் இருவரும் சோதித்துக் காட்டினர். 2006இல் விளம்பரம் முழுவதையும் படமாக்கி அனுப்பும் உத்தி பரவியது. எண்ணுவதற்குச் சொல்லே இல்லை. பொதுவான அளவுகோல் வேண்டும் என்று 2005 முதல் 2007 வரை தகவல் தேடல் துறையின் டிரெக் ஆய்வரங்கு வடிகட்டிகளை ஒரே தரவில் சோதித்தது. உண்மையான தனி அஞ்சலைப் பொதுவில் வைக்க முடியாது என்பதால், அரசு விசாரணையின்போது வெளியான என்ரான் நிறுவன அஞ்சல்களைப் போன்ற தொகுப்புகளையே ஆய்வாளர்கள் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. ஓர் எரிசக்தி நிறுவனத்தின் அலுவலக ஆங்கிலத்தில் தேறியது எல்லோர் வீட்டு அஞ்சலிலும் தேறுமா என்பது நியாயமான ஐயம்.

தமிழில் எழுதுபவருக்கு இந்த ஐயம் இன்னும் கூர்மையானது. வங்கி, வங்கியில், வங்கிக்கு, வங்கியிலிருந்து என்று ஒரே சொல் வேற்றுமை உருபுகளோடு பல வடிவம் எடுக்கும். இடைவெளியை வைத்துச் சொல் பிரிக்கும் வடிகட்டிக்கு இவை ஒன்றுக்கொன்று உறவில்லாத நான்கு சாட்சிகள். ஒவ்வொன்றையும் கற்கத் தனித்தனி எடுத்துக்காட்டு வேண்டும். தமிழ் அஞ்சல் குறைவாக வரும் பெட்டியில் அது கிடைப்பது அரிது. ஒரே செய்தி தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் கலந்து வருவது சிக்கலைக் கூட்டுகிறது. ஸ்பேம்அசாசினில், நிர்வாகி தேர்ந்தெடுத்த மொழிப்பகுதிகளுக்கு அப்பாற்பட்ட எழுத்துக் குறியாக்கத்தையே ஸ்பேமுக்கான அடையாளமாக மதிப்பெண்ணில் சேர்க்கும் வசதி இருந்தது. படிக்கத் தெரியாதவருக்கு அது உதவிதான். அந்தக் கணக்கில் ஒரு மொழி முழுவதும் சந்தேகத்துக்கு உரியதாகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

அனுப்புவதற்கு விலை

ஸ்பேம் பெருகுவது அனுப்பச் செலவில்லாததால்தான் என்றால், செலவை உண்டாக்கினால் போதுமே என்பது மூன்றாவது வாதம். 1992இல் சிந்தியா டுவோர்க்கும் மோனி நாவோரும், ஒவ்வொரு அஞ்சலுக்கும் அனுப்பும் கணினி ஒரு கணக்குப் புதிரை விடுவிக்க வேண்டும் என்று முன்மொழிந்தார்கள். ஒரு கடிதத்துக்குச் சில நொடி ஒன்றுமில்லை. பத்து லட்சம் கடிதத்துக்கு அது நாட்கணக்கு. 1997இல் ஆடம் பேக் உருவாக்கிய ஹேஷ்கேஷ் இதே வழியில் நடந்தது. 2004 தொடக்கத்தில் டாவோஸ் மாநாட்டில், ஸ்பேம் சிக்கல் இரண்டே ஆண்டில் தீரும் என்று பில் கேட்ஸ் முன்னறிவித்தபோது இத்தகைய வழிகளும் அவர் மனத்தில் இருந்தன. அதே ஆண்டு பென் லாரியும் ரிச்சர்டு கிளேட்டனும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: ஸ்பேமரைத் தடுக்கும் அளவுக்குப் புதிரைக் கடினமாக்கினால் முறையாகப் பேரளவில் அனுப்புவோரும் முடங்குவார்கள், ஸ்பேமரோ பிறருடைய கணினிகளைத் திருடிப் புதிரை விடுவிப்பார். அஞ்சலில் இந்த யோசனை நிலைக்கவில்லை. ஹேஷ்கேஷின் வழிமுறை பின்னாளில் பிட்காயினில் இடம்பிடித்தது.

பெயரை மெய்ப்பித்தல்

அடுத்த முயற்சி 1982இன் திறப்பை நேரடியாகச் சீர்செய்வது. எஸ்.பி.எஃப். என்ற முறையில், தன் பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமை பெற்ற சேவையகங்கள் எவை என்று ஒரு டொமைன் அறிவிக்கிறது. டி.கே.ஐ.எம். அஞ்சலில் மறையீட்டுக் கையொப்பம் இடுகிறது. 2012இல் அறிமுகமான டிமார்க், பெயரும் கையொப்பமும் பொருந்தாத அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்கிறது. வங்கியின் பெயரில் வரும் போலிக் கடிதத்தைத் தடுப்பதில் இவற்றுக்குத் தெளிவான பயன் உண்டு.

ஆனால் கையொப்பம் சொல்வது எந்த டொமைன் அனுப்பியது என்பதை. அனுப்பியவர் நல்லவரா என்று அது சொல்லாது. ஸ்பேமரும் ஒரு டொமைன் வாங்கி முறையாகக் கையொப்பமிட்டே அனுப்பலாம்; அனுப்பவும் செய்கிறார்கள். ஒருவர் அனுப்பியதை இடையில் வாங்கிப் பலருக்குக் கடத்தும் குழு அஞ்சல்களில் பொருத்தம் குலையும். 2014இல் யாகூ கடுமையான டிமார்க் விதியை அறிவித்தபோது அத்தகைய குழுக்களின் அஞ்சல் பரவலாகத் தடைபட்டது.

சட்டமும் பணத்தின் வழியும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, முன்சம்மதம் இல்லாமல் தனிமனிதருக்கு வணிக அஞ்சல் அனுப்பக் கூடாது என்கிறது. 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டம், பொய்த் தலைப்பும் பொய் முகவரியும் இல்லாமல், விலகும் வழியையும் தந்தால் அனுப்பலாம் என்கிறது. இந்தியாவில் மின்னஞ்சல் ஸ்பேமுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிகள் அழைப்பையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் மட்டும் தொடுகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், தொல்லை தரவோ புறப்பட்ட இடத்தை மறைத்து ஏமாற்றவோ அனுப்பும் மின்னஞ்சல் பற்றி ஓர் உட்பிரிவு இருந்தது. கருத்துரிமையைப் பறிக்கும் அளவுக்கு அந்தப் பிரிவு முழுவதும் விரிந்து கிடந்ததால் உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் அதைச் செல்லாது என்றது. சரியான தீர்ப்பு அது. அதன் பிறகு ஸ்பேமுக்கென்று குறுகலாக, கவனமாக ஒரு விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைப் பேசுகிறது. அந்த இடைவெளியை அது எவ்வளவு நிரப்பும் என்பதை நடைமுறைதான் காட்ட வேண்டும்.

சட்டம் தயங்கிய இடத்தில் ஆய்வாளர்கள் பணத்தைப் பின்தொடர்ந்தார்கள். 2008இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்டார்ம் என்ற பாட்நெட்டுக்குள் நுழைந்து, 26 நாட்களில் சுமார் 35 கோடி மருந்து விளம்பர அஞ்சல்களின் போக்கைக் கவனித்தார்கள். விற்பனை வரை சென்றவை 28. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அஞ்சலுக்கு ஒரு வாடிக்கையாளர் போதும் என்றால், எந்த வடிகட்டியும் ஸ்பேமரை நட்டப்படுத்தி ஓட்டிவிடும் என்று எளிதில் நம்ப முடியாது. அதே 2008 நவம்பரில் மெக்கோலோ என்ற கலிபோர்னிய நிறுவனத்தின் இணைப்பு துண்டிக்கப்பட்டதும் உலக ஸ்பேம் பாதிக்கு மேல் சரிந்ததாகப் பல மதிப்பீடுகள் கூறின. சில மாதங்களில் அது மீண்டும் ஏறியது. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு, தாங்கள் பார்த்த ஸ்பேம் சரக்குகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் மூன்றே வங்கிகள் வழியாகப் பணமானதைக் கண்டறிந்தது. கோடிக்கணக்கான பெட்டிகளின் வாசலில் காவல் நிற்பதைவிட, அந்த மூன்று இடங்களில் கேள்வி கேட்பது பலன் தரக்கூடும். இந்த வழி இன்னும் போதிய அளவு பயன்படவில்லை என்றே தோன்றுகிறது. பொருள் விற்காமல் நேரடியாக ஏமாற்றிப் பறிக்கும் அஞ்சலுக்கு அது பொருந்தாது என்பதும் உண்மை.

தீர்ப்பு கைமாறியது

2004இல் ஜிமெயில் வந்தபின் வடிகட்டி தனிமனிதரின் கணினியை விட்டு நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போனது. கோடிக்கணக்கானோர் ஸ்பேம் பொத்தானை அழுத்தித் தரும் தகவலோடு எந்தத் தனிப்பெட்டியின் கற்றலும் போட்டியிட முடியாது. தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் சொந்தமாகப் பயிற்றும் வடிகட்டி இன்றும் உண்டு; பயன்படுத்துவோர் சிலரே. பெரும்பாலானோரின் பெட்டி இன்று சுத்தமாக இருப்பது இந்த மாற்றத்தால்தான். அதை மறுக்க முடியாது.

கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். சராசரி பெட்டியில் ஸ்பேம் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு, தவறாக ஸ்பேமுக்குப் போகும் நல்ல அஞ்சல் 0.05 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2015இல் கூகுள் அறிவித்தது. நிறுவனமே தன்னை அளந்து சொன்ன கணக்கு அது. அதை அப்படியே ஏற்றாலும், நாளுக்கு 20 நல்ல அஞ்சல் பெறுபவருக்கு அந்த உச்ச அளவில் ஆண்டுக்கு மூன்று நான்கு கடிதங்கள் தவறிப்போகலாம். அவை எவை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடை விளம்பரம் தவறினால் ஒன்றுமில்லை. வேலைக்கான நேர்காணல் அழைப்போ கல்லூரிச் சேர்க்கைக் கடிதமோ என்றால், இழந்தவருக்கு இழந்ததே தெரியாது. உள்ளே நுழைந்த ஸ்பேமைப் பார்த்து முறையிடுகிறோம். வராமல்போன கடிதத்துக்கு முறையிட ஆளே இல்லை. பிழைகளில் ஒரு வகை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறபோது, அதைக் குறைக்கும் பக்கமே எந்த அமைப்பும் சாயும்.

சாய்வு வேறு வகையிலும் வரலாம். 2020 அமெரிக்கத் தேர்தல் கால அஞ்சல்களை ஆராய்ந்த வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர், ஜிமெயில் வலதுசாரி வேட்பாளர்களின் அஞ்சலையும் யாகூவும் அவுட்லுக்கும் இடதுசாரி வேட்பாளர்களின் அஞ்சலையும் கூடுதலாக ஸ்பேமாகக் குறித்ததாக 2022இல் எழுதினர். வேண்டுமென்றே செய்ததற்கு அது சான்றில்லை. பயனர் தொடர்ந்து தம் விருப்பத்தைக் காட்டினால் வடிகட்டியின் போக்கு மாறுவதையும் அவர்களே கண்டனர். குடியரசுக் கட்சி தொடுத்த வழக்கை நீதிமன்றம் 2023இல் தள்ளுபடி செய்தது. மூன்று நிறுவனங்களின் வடிகட்டிகள் ஒரே அஞ்சலை மூன்று விதமாகத் தீர்க்கின்றன, காரணத்தை வெளியிலிருந்து அறிய வழியில்லை என்பது மட்டும் அந்த ஆய்வில் உறுதியாக நிற்கிறது.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் பேரளவில் அனுப்புவோருக்குப் புதிய நிபந்தனைகள் விதித்தன. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளுக்கு 5,000 அஞ்சலுக்கு மேல் அனுப்புபவர் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றையும் கடைப்பிடிக்க வேண்டும், ஒரே அழுத்தத்தில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெறுபவருக்கு நல்ல விதிகள் இவை. பல நாட்டுச் சட்டமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் சாதிக்காததை இரு நிறுவனங்களின் அறிவிப்பு சாதித்தது. அந்த அளவு அதிகாரம் அவர்களிடம் சேர்ந்திருக்கிறது என்பதற்கும் அதுவே அத்தாட்சி.

இன்னும் தீராதவை

மோசடி அஞ்சல்கள் நம்பவே முடியாத கதைகளோடு வருவது ஏன் என்று 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி ஆராய்ந்தார். பதில் எழுதிய பின் பாதியில் விழித்துக்கொள்பவர்களால் மோசடிக்காரருக்கு நேரம் வீணாகும். அபத்தமான கதை அத்தகையோரைத் தொடக்கத்திலேயே விலக்கி, மிக எளிதில் நம்புபவரை மட்டும் மிச்சம் வைக்கிறது என்பது அவர் வாதம். மோசடிக்காரருக்கும் தவறான தேர்வு என்ற செலவு உண்டு. மொழி மாதிரிகள் ஆயிரம் பேரோடு ஒரே நேரத்தில், பிழையில்லாத தமிழிலும்கூட, உரையாட முடிந்தால் அந்தச் செலவு பெரிதும் குறையலாம். அப்போது அஞ்சல் நம்பும்படியாக இருக்கும். ஆளுக்கு ஆள் வேறாகவும் இருக்கும். எழுத்துகளைத் திரித்து ஏமாற்றுவதை எதிர்கொள்ள 2023இல் ஜிமெயிலில் சேர்ந்த ரெட்வெக் போன்ற கருவிகள், திரிபே இல்லாத அத்தகைய கடிதத்தின் முன் எவ்வளவு உதவும் என்பது தெளிவில்லை. இணைப்போ கோப்போ இல்லாமல், மேலதிகாரியின் பெயரில் இரண்டே வரியில் பணம் கேட்கும் அஞ்சல் ஏற்கெனவே வடிகட்டிகளைத் திணறவைக்கிறது.

முழு மறையீட்டோடு வரும் அஞ்சலின் உள்ளடக்கத்தைச் சேவையகம் படிக்க முடியாது. அந்தரங்கத்தை முழுமையாக விரும்புபவருக்கு உள்ளடக்க வடிகட்டி மீண்டும் சொந்தக் கணினிக்கே திரும்ப வேண்டும். கிரகாமின் 2002 யோசனைக்கு அங்கே புதிய வாழ்வு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பிறருடைய அனுபவத்திலிருந்து கற்கும் பலத்தை அது இழந்துவிடும்.

எல்லாவற்றிலும் உடனடியானது தவறிப்போன நல்ல அஞ்சலின் கணக்கு. ஸ்பேம் பெட்டிக்குப் போனதை முப்பது நாளுக்குள் தேடியாவது எடுக்கலாம். சேவையக வாசலில் மறுக்கப்பட்டது பெறுபவருக்கு எந்தச் சுவடும் வைப்பதில்லை; அனுப்பியவருக்குத் திரும்பும் குறிப்பும் பெரும்பாலும் பொறியாளருக்கே புரியும் மொழியில் இருக்கிறது. எனக்கு வந்தவற்றில் எவற்றை, எந்தக் காரணத்தால் மறுத்தீர்கள் என்ற பட்டியலைக் கேட்டுப் பெறும் உரிமை பயனருக்கு வேண்டும். அந்தப் பட்டியல் ஸ்பேமருக்கும் பாடமாகிவிடும் என்பது நிறுவனங்களின் எதிர்வாதம், அதிலும் பொருளுண்டு. காரணத்தைச் சொல்லாமல் அனுப்பியவர் பெயரையும் நாளையும் மட்டும் காட்டினால் ஸ்பேமர் அதிலிருந்து எவ்வளவு கற்பார் என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி. தமிழ் போன்ற மொழிகளில் எழுதும் அஞ்சல் எத்தனை விழுக்காடு தவறாக விலகுகிறது என்பதும் அப்படியே அளக்கக்கூடியது. இரண்டையும் அளக்கத் தேவையான தரவு சில நிறுவனங்களின் சேவையகங்களில் மட்டுமே இருக்கிறது. அதைச் சார்பற்ற ஆய்வாளரிடம் எந்த நிபந்தனையோடு திறப்பது என்பதற்கு ஏற்கத்தக்க முறை இன்னும் உருவாகவில்லை.